காணிக்கைக்கு இல்லாத கணக்கு கல்விக்கு ஏன்?

கொடைக்கானல் மலைமேல் 1984-ம் வருஷம் முதல் பெண்களுக்கென்றே சர்க்கார் ஏற்படுத்திய அன்னை தெரசா பல்கலைக்கழகம் இருக்கின்றது. அங்கு ஆராய்ச்சிப் பட்டம் வரையில் படிக்கலாம். அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு 2022 முதல் மாதம் ரூ.1000 உதவியும் உண்டு. அப்படியிருந்தும் விடுதிச் செலவு, பஸ் செலவு, புஸ்தகச் செலவு என்று விரல் மடக்கிக் கணக்குப் பார்த்து, "பெண்ணுக்கு இவ்வளவு படிப்பு எதற்கு?" என்கிறார்கள் பெற்றோர் பலர்.

இதே கனவான்கள் மலையடிவாரத்துப் பழனியில் காவடிக்கும், மொட்டைக்கும், உண்டியலுக்கும் கொட்டிய பணத்திற்கு என்றாவது கணக்குப் பார்த்ததுண்டா? உண்டியலில் விழுந்த ரூபாய் திரும்பி வந்ததாக நாம் கேட்டதில்லை. படித்த பெண்ணோ தன் சம்பாத்தியத்தில் தானே நிற்பாள், "ஏன்?" என்று கேட்கவும் செய்வாள். நீங்கள் பயப்படுவது செலவுக்கா, அல்லது அந்தக் கேள்விக்கா என்று கேட்கின்றோம்.