வாய்க்காலோரம் நடந்து பாருங்கள்



குளத்துத் தண்ணீர் வயலுக்கு வந்து சேராவிட்டால் பூவரசங்குளத்து விவசாயி என்ன செய்வார்? வாய்க்காலோரமாக நடந்து, எதுவரை தண்ணீர் வந்திருக்கிறது என்று பார்ப்பார். கணனி நிரலில் பிழை தேடுவதும் அப்படித்தான்.

உங்கள் மகள் வீட்டுச் செலவைக் கூட்ட ஜாவாஸ்கிரிப்டில் ஒரு நிரல் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசிக்கு 250, பாணுக்கு 130. வரவேண்டியது 380. திரையில் நிற்பதோ 250130! பிழை என்று கணனி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எனக்கு இந்தப் பாடம் சரிவராது உம்மா" என்று எழுந்துவிடுகிறாள். பக்கத்துப் பம்பைமடுவில், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்ட வவுனியாப் பல்கலைக்கழகத்திலேயே கணனி விஞ்ஞானம் படிக்கலாம். ஒரு 250130க்காக அதை விடுவதா? உட்கார வையுங்கள்.

கூட்டும் வரிக்கு மேலே 'கன்சோல்.லாக்' என்று எழுதி, உள்ளே 'டைப்ஆஃப்' போட்டு, இரண்டு பெறுமதிகளும் என்ன வகை என்று கேட்கட்டும். உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, கன்சோல் பகுதியைத் திறந்தால் பதில் இருக்கும்: 'ஸ்ட்ரிங்'. அதாவது, தட்டிய இலக்கங்களைக் கணனி எண்ணாக அல்ல, எழுத்தாக வாங்கியிருக்கிறது. எழுத்தைக் கூட்டச் சொன்னால் ஒட்டத்தானே செய்யும்! 'நம்பர்' கொண்டு எண்ணாக்கினால் 380 வந்துவிடும்.

நிரல் நீளமானால் முதலில் நடுவில் அச்சிட்டுப் பாருங்கள். அங்கே சரியென்றால் பிழை அதற்குக் கீழேதான்.

1947 செப்டெம்பர் 9இல் ஹார்வர்ட் மார்க் 2 கணனிக்குள் சிக்கிய அந்துப்பூச்சியைக் குறிப்பேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். நீங்கள் ஒட்டிவைக்க வேண்டாம். வேலை முடிந்ததும் அந்த வரிகளை அழித்துவிடுங்கள். முக்கியமாக, கடவுச்சொல்லை அச்சிட்ட வரியை.