வடக்கு எது?

நிலம் அசைந்தது என்று சொல்வதற்குக் கருவி வேண்டியதில்லை. அடுக்களையிற் பாத்திரம் குலுங்கினாற் போதும். எங்கே அசைந்தது என்று சொல்வதற்குத்தான் கருவி வேண்டும். இந்த வேறுபாட்டை மற்ற ஊரார் உணராது போகலாம். திருகோணமலையார் உணராதிருக்க முடியாது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி சுமாத்திராவின் அருகே கடலடி நிலம் பிளந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடல் ஏறிய கொடுமையை நாம் மறக்கவில்லை. அன்றுதொட்டுச் சிறு அதிர்வு தோன்றினாலும் கரையோரத்தார் கண்கள் கடலை நோக்கியே திரும்புகின்றன. 2023இல் கோமரன்கடவலப் பகுதியில் நிலம் நடுங்கியது, அது தரை. 2025 செப்ரெம்பரில் திருகோணமலைக்கு அப்பாற் கடலிலே ஒரு நடுக்கம் பதிவாயிற்று. இரண்டும் சிறியனவே. எனினும், “தரையா, கடலா?” என்ற வினாவுக்கு விடை வருமுன்னே வதந்தி வந்துவிடுகிறது.

நம் நாட்டில் நிலநடுக்கங்களைக் கவனிப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் பொறுப்பு. பல்லேகலை, ஹக்மன, மகாகனதராவ ஆகிய இடங்களில் நிலையங்கள் உள்ளன. இவற்றுள் நமக்கு அணித்தான மகாகனதராவ, ஏறத்தாழ 80 கிலோமீற்றர் மேற்கே இருக்கிறது. கிழக்குக் கடலில் நிகழும் நடுக்கத்தை இவை யாவும் ஒரு பக்கத்தில் நின்றே பார்க்கின்றன. ஆகவே கரையிலும் ஒரு காது வேண்டும் என்பது என் கருத்து. பாடசாலைகள் வாங்கத்தக்க சிறு நிலநடுக்கமானிகள் இக்காலத்தில் உண்டு. நேபாளத்தில் 2015ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்துக்குப் பின்னர் பாடசாலைகள் பலவற்றில் அவை வைக்கப்பட்டுள்ளன. நம் மாவட்டத்துப் பாடசாலைகளுக்கு இது இயலாத காரியமா?

ஆனால், கருவியை வாங்கி மூலையில் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவோர்க்கு ஒரு சொல். நிலநடுக்கமானி மூன்று திசை அசைவுகளைத் தனித்தனியே எழுதுவது: மேல்கீழ், வடக்குத்தெற்கு, கிழக்குமேற்கு. முதன்மை அலை முந்தி வரும். துணை அலை பிந்தி வரும். உள்ளூர் நடுக்கமாயின், இடைப்பட்ட விநாடிகளை எட்டாற் பெருக்கினால் தொலைவு கிலோமீற்றரில் ஏறத்தாழக் கிடைக்கும். திசையைக் கூறுவதோ முதன்மை அலையின் முதல் அசைவு. நிலம் முதலில் மேலெழுந்ததாயின், அதனுடன் தோன்றும் பக்கவாட்டு அசைவு நடுக்க மையத்துக்கு எதிர்ப்புறம் செல்லும். கீழிறங்கியதாயின் மையத்தை நோக்கிச் செல்லும். இத்தனை நுட்பமும் ஒன்றையே நம்பி நிற்கின்றது: கருவியில் ‘வடக்கு’ என்று குறித்த அம்பு மெய்யாகவே வடக்கை நோக்க வேண்டும்.

அது பத்துப் பாகை விலகினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கலாம். புல்மோட்டை நம் நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அத்தொலைவிற் பத்துப் பாகைப் பிழை, இடத்தை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் பக்கவாட்டில் தள்ளிவிடும். புல்மோட்டைத் தரையில் நிகழ்ந்த நடுக்கம் ஏட்டிலே கடலுக்குப் போய்விடும்! இத்தகைய பிழை பெரிய நாடுகளுக்கும் நேர்ந்ததே. அமெரிக்காவில் நிலையங்களின் பதிவுகளைக் கொண்டே கருவிகளின் திசையைச் சோதித்த ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது; சில கருவிகள் திசை பிறழ்ந்திருந்தமை அதனால் தெரிந்தது.

திசைகாட்டி இருக்கிறதே என்பர் சிலர். காந்தமுள் காட்டும் வடக்கு மெய்வடக்கன்று. இலங்கையில் அவ்வேறுபாடு சிறிது என்பது உண்மைதான். ஆயினும் கட்டடத்துள் கம்பியும் இரும்பும் முள்ளை இழுக்கும்; இருப்புப் பாதையும் துறைமுகத்து இரும்பும் அணித்தாயின் அவையும் இழுக்கும். அவற்றினும் மேலாக, கருவியின் வயிற்றுக்குள்ளேயே காந்தம் இருக்கின்றது. அதன் தலைமேல் திசைகாட்டியை வைத்துப் பார்ப்பது, கள்வனையே காவலுக்கு வைப்பது போலாகும்.

இதற்கு நம் முன்னோர் அறிந்த வழி ஒன்று உண்டு. நெடுநல்வாடையில், அரண்மனைக்கு மனை வகுப்போர் கோல் நாட்டி ஞாயிற்றின் நிழலால் திசை தெளிந்த செய்தி வருகின்றது. வகுப்பறையில் நாம் அதற்கு உரை சொல்லி, பரீட்சைக்கு வினாவும் கொடுத்து, அவ்வளவில் விட்டுவிடுகிறோம். முற்றத்தில் ஒரு கோலைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நாட்டுங்கள். அதனை மையமாக்கி ஒரு வட்டம் கீறுங்கள். முற்பகலில் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும் பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்து இணைத்தால் அது கிழக்குமேற்குக் கோடு. அதற்குச் செங்குத்து மெய்வடக்கு. ஏப்பிரலிலும் ஓகத்து இறுதியிலும் நண்பகல் ஞாயிறு நம் தலைக்கு நேரே வரும்போதும் இம்முறை தவறாது. ஏனெனில் இது காலை மாலை நிழல்களையே கொள்கின்றது. அக்கோட்டைக் கயிறு பிடித்து அறைக்குள் கொணர்ந்து, மணலின் மேலன்றிப் பாறையோடு பொருந்திய தளத்தில், நீர்மட்டம் பார்த்துக் கருவியை நிறுத்த வேண்டும். தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரு முற்றத்திற் கூடி நிற்க இதனினும் நல்ல காரணம் வேறுண்டோ?

பாடசாலைக் கருவி கடற்கோளை முன்னறிவிக்கும் என்று நான் சொல்லவில்லை. எச்சரிக்கை விடுப்பது உரிய நிறுவனங்களின் பணி; அதனைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றலாகாது. பதிவு என்பது வேறு. கவனமாக நிறுத்திய கருவியின் பதிவு ஆய்வாளருக்குத் துணையாகும். திசை பிறழ்ந்த கருவியின் பதிவோ இல்லாமையினும் தீது, ஏனெனில் அது பிழையை உறுதியோடு சொல்லும். அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. வடக்கைத் தன் கையாற் கண்டறிந்த மாணவன், தரை நடுங்கிய அன்று தெருவில் எழும் கூச்சலை அப்படியே நம்பமாட்டான். “எத்திசை? எவ்வளவு தூரம்? எவ்வாறு அறிந்தீர்?” என்று கேட்பான். அவ்வாறு கேட்கும் பிள்ளைகள் ஊருக்கு நூறு பேர் இருப்பின், கடலைக் கண்டு வீணே அஞ்சுதலும் குறையும். அஞ்ச வேண்டிய நாளில் தாமதமின்றி மேட்டுக்குச் செல்லுதலும் கூடும்.