எத்தனை மணிக்கு?

"புள்ளைக்குப் பயந்த கோளாறு டாக்டர். மந்திரிச்சும் பாத்தாச்சு, நிக்கல."

இப்படிச் சொல்லிக்கொண்டு வரும் பாட்டியைப் பார்க்காத குடும்ப மருத்துவர் நம்மில் இருக்க முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏழு வயதுப் பேரன். ஒன்பதரைக்குப் படுப்பான், பதினொன்றுக்கு வீலென்று அலறி எழுந்து உட்காருவான். கண் திறந்திருக்கும், சட்டை வேர்வையில் தொப்பலாகியிருக்கும், அணைக்கப் போகும் அம்மாவையே தள்ளிவிடுவான். பத்து நிமிடத்தில் தானே சாய்ந்துவிடுவான். காலையில் கேட்டால், "நான் எப்பக் கத்துனேன்?"

இஇஜி எழுதிக் கொடுத்தேன். அறிக்கையில் சந்தேகத்துக்கு இடமாக ஒரு வரி இருந்தது. அது போதும் என்று வால்ப்ரோயேட் தொடங்கினேன். எட்டு மாதம் விழுங்கினான். எடை கூடியது, அலறல் குறையவில்லை. மந்திரித்தவருக்கும் எனக்கும் வேறுபாடு கட்டணத்தில் மட்டும்தான் இருந்தது.

நான் கேட்காமல் விட்ட கேள்விகள் இரண்டு. எத்தனை மணிக்கு? குறட்டை உண்டா?

குழந்தைகளின் ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் இரவின் முதல் மூன்றிலொரு பங்கிலேயே வந்துவிடுகிறது. அதிலிருந்து மேலே வரும்போது மூளை முழுதாக விழிக்காமல் பாதியில் நின்றுவிட்டால் அலறல், உளறல், நடை. கை காலும் இதயமும் விழித்துவிட்டன, நினைவு இன்னும் தூங்குகிறது. உறக்க ஆய்வாளர் ராஜர் பிராட்டன் 1968இலேயே இவற்றை விழிப்பின் கோளாறுகள் என்று பார்க்கச் சொன்னார். கெட்ட கனவு அப்படியல்ல. அது விடியலை ஒட்டி ரெம் உறக்கத்தில் வருவது. குழந்தை முழுதாக விழித்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுது, துரத்திய நாயின் நிறம் வரை சொல்லும்.

நெற்றி மடல் வலிப்புக்கு நேரக்கணக்கு கிடையாது. பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடியும், ஒரே இரவில் பலமுறை வரும், ஒவ்வொரு முறையும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருக்கும். தலைக்கு மேல் ஒட்டும் மின்முனைகளில் அது பிடிபடாமலும் போகலாம். ஆகவே இஇஜிக்கு முன் பெற்றோரின் கைபேசியைக் கேளுங்கள். மூன்று இரவுக் காட்சிகளை அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். ஒன்றுக்கு மற்றொன்று நகல் போல இருந்தால் நரம்பியல் நிபுணரிடம் அனுப்புங்கள். இல்லையென்றால் சிறுவனின் வாயைத் திறந்து டான்சிலைப் பாருங்கள்.

இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டியன் கில்மினோ குழுவினர் அலறலும் தூக்கநடையும் உள்ள 84 குழந்தைகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். அவர்களில் 49 பேருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடை. அதற்கு அறுவை செய்துகொண்ட 43 பேருக்கும் அலறலும் நடையும் நின்றுபோயின. மூச்சு திணறும்போதெல்லாம் மூளை பாதி விழிக்கிறது. அந்தப் பாதிதான் கத்துகிறது. என் சிறுவனும் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவான் என்பதைப் பின்னால் காது மூக்கு தொண்டை மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அதே போல, "காலைப் பிசைஞ்சு விட்டாத்தான் தூங்குவான்" என்ற சொல் காதில் விழுந்தால் ஃபெரிட்டின் பாருங்கள். 50க்குக் கீழே இருந்தால், ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், கால் உளைச்சலுக்கு இரும்புச் சத்து கொடுத்துப் பார்க்கலாம்.

மற்றவர்களுக்கு மருந்து அரிதாகவே வேண்டியிருக்கும். அப்பாவைக் கேட்டால் பெரும்பாலும், "நானும் சின்ன வயசுல நடந்திருக்கேன்" என்பார். கியூபெக்கில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் சொன்னதும் அதுதான்: பெற்றோர் இருவரும் தூக்கத்தில் நடந்தவர்கள் என்றால் குழந்தைகளில் 61.5 விழுக்காட்டினர் நடந்தார்கள். இருவருக்கும் இல்லையென்றால் 22.5. அலறும்போது உலுக்கி எழுப்ப வேண்டாம், விழாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லுங்கள். வழக்கமான நேரத்துக்குக் கால் மணி முன்னால் மெல்லத் தட்டி எழுப்பி, மீண்டும் தூங்கவிடும் முறையைச் சில வாரம் செய்து பார்க்கலாம். இன்னொன்று: நடக்கும் பிள்ளையைக் கோடையில் மொட்டை மாடியில் படுக்கவைக்க வேண்டாம். எந்தப் பாடநூலிலும் இந்த வரியை நான் பார்த்ததில்லை.

பெரியவர்களிடம் இந்த நிம்மதி செல்லாது. நாற்பது வயதுக்காரர் திடீரென்று நடு இரவில் எழுந்து சமைக்கிறார் என்றால் முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள். ஜோல்பிடெம் வகை மாத்திரைகளுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019இல் கட்டம் கட்டி எச்சரித்தது இதற்காகத்தான்.

ரெம் உறக்கத்தில் உடலின் தசைகளுக்கு மூளை பூட்டு போட்டுவிடும். கண் விழித்த பிறகும் பூட்டு திறக்கவில்லையென்றால் அதுவே நம் ஊர் அமுக்குவான் பேய். தனியாக வந்தால் பயமில்லை, விளக்கிச் சொன்னாலே பாதி தீரும். பூட்டே விழாமல் போவதுதான் கவலை. மிஷெல் ழுவே 1965இல் பூனைகளின் மூளைத்தண்டில் காட்டியதை, ஷெங்க்கும் மஹோவால்டும் 1986இல் மனிதரில் கண்டார்கள்: கனவில் அடிப்பவர் கட்டிலிலும் அடிக்கிறார்.

சென்ற ஆண்டு வந்த தம்பதியில் பேசியவர் மனைவி. புடவைத் தலைப்பை விலக்கி முழங்கைக்கு மேல் இருந்த நீலத்தைக் காட்டினார். அதிகாலை நாலு மணிக்கு விழுந்த அடி. "மாடு முட்ட வந்துச்சு, தள்ளுனேன்" என்றார் அறுபத்து நான்கு வயதுக் கணவர், தலையைக் குனிந்தபடி. நாற்பது ஆண்டுக் குடும்பத்தில் கை நீட்டாத மனிதர். மூச்சுத் தடையும் இதே வேடத்தில் வரும் என்பதால் உறக்க ஆய்வுக்கு எழுதினேன். கட்டிலருகே கண்ணாடிப் பொருள் வேண்டாம், கொஞ்ச நாள் தனிப்படுக்கை, இரவில் மெலடோனின். குளோனசெபாம் வேலை செய்யும், ஆனால் இந்த வயதில் விழவும் வைக்கும்.

24 மையங்களில் 1,280 பேரைத் தொடர்ந்து 2019இல் வந்த கணக்கின்படி, கனவில் அடிக்கும் இக்கோளாறு உள்ளவர்களில் 12 ஆண்டுகளில் 73.5 விழுக்காட்டினருக்குப் பார்க்கின்சனோ அதன் உறவான நோயோ வருகிறது. தடுக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இதை நோயாளியிடம் சொல்வதா? கேட்டால் மட்டும் சொல்வது என் வழக்கம். சக மருத்துவர்கள் சிலர் இதைக் கோழைத்தனம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். இது பற்றி இதழுக்கு எழுதுங்கள்.

அந்தக் கணவர் கேட்கவில்லை. மலச்சிக்கல் உண்டா என்றேன். பல வருடமாக என்றார். பெருங்காயம் தாளித்தால் மணம் தெரிகிறதா என்றேன். அவர் யோசிப்பதற்குள் மனைவி இல்லையென்று தலையாட்டினார். கணவர் எழுந்து வாசல் நோக்கி நடந்தார். வலது கை வீசியது, இடது கை உடம்போடு ஒட்டியே போயிற்று. திரும்ப உட்காரச் சொன்னேன்.