ஞாயிறு காலை

பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்ததும் நம்மில் பலருக்கு ஞாயிறு திருப்பலியிலிருந்து விடுதலை கிடைத்துவிடுகிறது. "இந்த ஓராண்டு படிக்கட்டும், பூசைக்கு அடுத்த ஆண்டு போகட்டும்" என்று பெற்றோரே கூறுகின்றனர். வீட்டிலிருந்து செபித்தால் ஆண்டவர் கேட்கமாட்டாரா என்று நாமும் ஒத்து ஊதுகிறோம். கேட்பார்தான். ஆனால் தனியே எத்தனை நாள் செபிக்கிறோம்? உள்ளதைச் சொன்னால், படுக்கையில் தொடங்கும் செபமாலை இரண்டாம் தேவ இரகசியத்தை எட்டுமுன்பே நாம் உறங்கிவிடுகிறோம்!

யாழ்ப்பாணத்து மக்களை நினைத்துப் பார்ப்போம். 1658-இல் டச்சுக்காரர் அந்நகரைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினர். ஏறத்தாழ 30 ஆண்டுகள் திருப்பலியில்லை, பாவசங்கீர்த்தனமில்லை. 1687-இல் புனித ஜோசப் வாஸ் அடிகளார் இந்தியாவிலிருந்து அங்குச் சென்று, பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாக நடந்தார். அந்தச் செபமாலையைக் கண்டு உள்ளம் உருகிய குடும்பங்கள் அங்கே இருந்தன. பெற்றோர் பிள்ளைகளோடு அமர்ந்து செபிக்காதிருந்தால், அத்தனை ஆண்டுகளுக்குப் பின் அது என்னவென்று அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அரசின் தண்டனைக்கு அஞ்சாமல் அவர்கள் இரவில் மறைவாகக் கூடித் திருப்பலி கண்டனர். நம்மைத் தடுப்பதோ வெறும் டியூஷன்.

ஞாயிறு வகுப்பைச் சற்றுத் தள்ளி வைக்கும்படி ஆசிரியரிடம் கேட்கப் பெற்றோர் முன்வர வேண்டும் என்பது எங்கள் கருத்து. நாங்கள் கேட்டுப் பார்த்தோம். முகம் சுளித்தாலும் சம்மதித்தார். இப்போது தோழியர் ஐவர் முதற்பூசைக்குச் சேர்ந்தே செல்கிறோம். ஒருத்தி எழாவிட்டால் மற்ற நால்வரும் அவள் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறோம். கணக்கு வகுப்புக்கு இதுவரை ஒருநாளும் பிந்தியதில்லை.