தலமரத்தின் அடியில் மண் இருக்கட்டும்

கோயில் திருப்பணி என்றதும் நம் ஊர்களில் கோபுர வண்ணமும் பிரகாரத் தளமும்தான் முதலில் பேச்சுக்கு வருகின்றன. குடமுழுக்கு நெருங்கும்போது கல்லோ சிமென்டோ பாவி, மழைக்குச் சேறில்லாமல் செய்துவிட்டால் வேலை நிறைந்தது என்று கருதுகிறோம். பல கோயில்களில் அந்தத் தளம் தலமரத்தின் அடியை ஒட்டியே போடப்படுவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. கொங்கு நாட்டுக்கு இது சிறிய விஷயம் அல்ல. பவானி சங்கமேசுவரர் கோயிலில் இலந்தை, கொடுமுடியில் வன்னி, அவிநாசியில் பாதிரி, பேரூரில் இறவாப் பனையும் பிறவாப் புளியும் எனத் தெய்வத்தோடு சேர்த்தே மரமும் அறியப்படுகிறது. கொடுமுடி வன்னியடியில் உள்ள பிரம்மாவுக்கு மூன்று முகம்; நான்காவது முகம் அந்த மரமே என்பது ஐதீகம். பங்குனியில் பழனிக்குத் தீர்த்தக் காவடி எடுப்போர் காவிரி நீரில் அதன் இலையைப் போட்டே கொண்டு செல்கிறார்கள். இத்தகைய உயிருக்குத் திருப்பணித் திட்டத்தில் தனி இடம் வேண்டும். குறைந்தபட்சம், கிளை விரியும் அளவுக்காவது அதன் அடியில் மண் திறந்து கிடக்க வேண்டும்.

மரத்தை நம்பிக்கையே காக்கும், அதற்கு மேல் என்ன தேவை என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு: ஜப்பானில் யமனாஷி மாநிலத்து ஜிஸ்ஸோஜி என்ற பௌத்தக் கோயிலில் ஒரு செர்ரி மரம் நிற்கிறது. ஜின்டாய் சகுரா என்று பெயர். வயது 1,800-க்கும் 2,000-க்கும் இடையில் என்று சொல்லப்படுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அது பட்டுப்போகும் நிலையில் இருந்தபோது நிச்சிரென் என்ற துறவி வேண்டிக்கொள்ள, மீண்டும் தளிர்த்தது என்பது அங்குள்ள நம்பிக்கை. அந்த நம்பிக்கையை யாரும் கைவிடவில்லை. ஆனால் அரசு 1922-லேயே அதை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது. பின்னாளில் மரம் நலிந்தபோது, நோய் வேரடி மண்ணில் இருப்பதை அறிந்து, 2000-களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் செலவிட்டுப் பழைய மண்ணைப் பகுதி பகுதியாக அகற்றிப் புது மண் இட்டார்கள். இன்றும் வசந்தத்தில் அது பூக்கிறது, கூட்டமும் வருகிறது. மரங்களுக்கு வைத்தியம் பார்ப்போருக்கு அந்த நாட்டில் 1991 முதல் தனிச் சான்றிதழே உண்டு.

நம் பக்தியும் ஆழமானதுதான். ஆனால் தொட்டில் கட்டும் கயிறு கிளையில் இறுகுகிறது, அடிமரத்தில் ஊற்றும் எண்ணெய் மண்ணில் இறங்குகிறது, விளக்கின் சூடு பட்டையைக் கருக்குகிறது. தினமும் சுற்றி வரும் கால்கள் மண்ணை இறுக்குகின்றன. வன்னியின் ஆணிவேர் வெகு ஆழம் போகும் என்பது உண்மை. என்றாலும் பெரும்பாலான மரங்களுக்கு நீரையும் சத்தையும் உறிஞ்சித் தரும் நுண்வேர்கள் மேல்மண்ணில்தான் அதிகம். சிமென்ட் அங்கே காற்றையும் மழையையும் சேர்த்தே அடைக்கிறது. இது தெரிந்துதான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல், தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. சாலையோர மரத்துக்குச் சொன்ன அந்த ஒரு மீட்டர் பழமையான மரத்துக்குப் போதாது. அதுகூட நம் கோயில்களில் பல மரங்களுக்கு வாய்க்கவில்லை.

தேர்நாளிலும் விசேஷ நாளிலும் ஆயிரக்கணக்கில் கூடும் கூட்டம் எங்கே நடக்கும் என்ற கேள்வி நியாயமானது. வயதானவர்கள் சேற்றில் வழுக்கி விழக்கூடாது. வேரின் மேல் படாமல் தூண்களில் தாங்கிய நடைமேடை அமைத்தால் இரண்டும் நடக்கும். காணிக்கைக் கயிறு கட்ட மரத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பியோ சட்டமோ நடலாம். விளக்குக்குத் தள்ளி ஒரு மேடை போதும். வயதை நிரூபிக்க முடியாத மரத்துக்கு இவ்வளவு ஏன் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. பனைக்கு ஆண்டு வளையமே கிடையாது, உள்ளே கூடு விழுந்த மரத்தில் வளையம் மிஞ்சாது. ஆயிரமா முந்நூறா என்று முடிவாகும் வரை வேர் காத்திருக்காது. பட்டுப்போனால் கன்று நடலாமே என்போருக்கு அனுராதபுரத்து அரசமரத்தைக் காட்டலாம். அதன் வழிவந்த கன்றுகள் இலங்கையெங்கும் வளர்ந்து நிற்கின்றன. அதனால் தாய்மரத்தின் கிளைகளுக்குக் கொடுத்த முட்டும் காவலும் குறைந்துவிடவில்லை.

அரசுக்கு இதில் வழி புதிதல்ல. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைக்காடுகள் 2024-ல் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆயின. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஐந்து ஹெக்டேருக்கும் குறைவான கோயில் காடு, 2025-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. காட்டுக்கும் தோப்புக்கும் கிடைத்த கவனம் ஊர் நடுவே தனித்து நிற்கும் மரத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆராய அறிஞர்களைத் தேடி அலையவும் வேண்டாம்: கோவையில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம், மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இரண்டும் கொங்கு மண்ணிலேயே இருக்கின்றன. அறநிலையத் துறை அவர்களைக் கொண்டு ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டத் தலமரங்களை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்து, ஒவ்வொரு மரத்தின் நிலையையும் அந்தந்தக் கோயில் அலுவலகத்தில் எழுதி ஒட்ட வேண்டும். அடுத்த குடமுழுக்குக்கு மதிப்பீடு போடும்போது பொறியாளரோடு மரம் தெரிந்த ஒருவரும் கையெழுத்திட்ட பிறகே பிரகாரத்தில் தளம் போட அனுமதி தரட்டும்.