இல்லத்து மடிக்கணினியும் அமானிதமும்

ஒரு காலத்தில் நம் இல்லங்களின் கூடத்தில் வானொலிப் பெட்டி வீற்றிருந்தது. பின்னர் டேப் ரிக்கார்டரும் தொலைக்காட்சியும் வந்து சேர்ந்தன. இன்றோ அவை அனைத்தின் பணியையும் ஒரு மடிக்கணினியே ஏற்றுக்கொள்கிறது. விடியற்காலையில் கிராஅத், மாலையில் நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்களின் வெண்கலக் குரல், விடுமுறை நாளில் குடும்பத்து நிகாஹ் வீடியோ, வளைகுடாவில் பணிபுரியும் மகனோடு முகம் பார்த்து உரையாடல் என எல்லாம் அதிலேயே நிகழ்கின்றன. இத்துணைப் பயன் தரும் கருவியை இயக்குவது எது, அது எவ்வழியில் நம் கைக்கு வந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

கணிப்பொறியின் உறுப்புகளையும் அதில் ஓடும் மென்பொருள்களையும் இணைத்து ஆள்வது இயங்குதளம். நம் இல்லங்கள் பெரும்பாலானவற்றில் அது விண்டோஸ். அதன் 10ஆம் பதிப்புக்கு வழங்கப்பட்டுவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. 11ஆம் பதிப்போ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு முதலியவற்றை வேண்டுவதால், பழைய மடிக்கணினிகள் பலவற்றில் முறைப்படி ஏறுவதில்லை. நல்ல நிலையிலுள்ள கருவியைக் குப்பையில் எறிவதா, அல்லது கடைக்காரர் 'போட்டுக் கொடுக்கும்' உரிமமற்ற படியை ஏற்பதா என்னும் இரண்டு வழிகளே உள்ளன என்று பலர் மயங்குகின்றனர். முன்னது வீண்விரயம், பின்னது பிறர் உழைப்பை அனுமதியின்றி நுகர்தல்.

'எல்லாரும் செய்வதுதானே' என்று இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. இஸ்லாமிய நாடுகள் அமைப்பைச் சார்ந்த பன்னாட்டு ஃபிக்ஹு அகாதமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, நூலாக்கம், புத்தாக்கம் ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தின்படி பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறுதல் ஆகாது எனத் தீர்மானித்தது. திருமறை ஓதலைக் கேட்கும் கருவியிலேயே பிறர் உரிமையைப் பறித்த பொருள் இருப்பது பொருந்துமா? அமானிதத்தைப் பற்றி மேடைதோறும் பேசும் நாம், மேசைமேல் இருக்கும் மடிக்கணினியை மறந்துவிடுதல் தகாது.

இவ்விரண்டிற்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுவே திறந்த மூல இயங்குதளம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவற்றைக் காக்கும் பொது உரிமம், எவரும் மென்பொருளைப் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்கிறது. திருத்தி வழங்குபவர் அதே உரிமைகளைப் பெறுபவர்க்கும் விட்டுவைத்தல் வேண்டும். ஆசிரியரின் பதிப்புரிமை நீங்குவதில்லையாதலின் இதனை வக்ஃபு என்று சட்டப்படி கூற இயலாது. ஆயினும் ஊர்ப் பொதுவில் கிணறு வெட்டி, எவரும் அதற்கு வேலியிடலாகாது என்று விட்டுச்சென்ற நம் முன்னோரின் உள்ளம் இதனுள் இருக்கிறது.

இனி, எதனைத் தேர்வது? லினக்ஸில் வகைகள் மிகுதி. அதுவே புதியவரைத் திகைக்கவைக்கிறது. மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, பாட்டும் படமும் மட்டுமே போதும் என்பார்க்கு லிப்ரெஎலெக் ஏற்றது. அது நேரே கோடி என்னும் ஊடகச் செயலியில் வந்து நிற்கும். ஆனால் கட்டுரை தட்டச்சிடவும் விண்ணப்பம் அனுப்பவும் அது உதவாது. 1993இல் தோன்றிய டெபியன் உறுதியானது. எனினும் சற்றுப் பழகியவர் கைக்கே எளிது. உம்மாவும் பிள்ளைகளும் ஒருங்கே பயன்படுத்தும் இல்லத்திற்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பே தக்கது என்பது என் துணிபு. அதன் முகப்பு விண்டோஸில் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாது. 4 ஜி.பி. நினைவகம் இருந்தால் நன்கு ஓடும். ஒலி, ஒளிக் கோப்புகளுக்கு வேண்டிய கோடெக்குகளை நிறுவும்போதே ஒரு குறியிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். 2024இல் வந்த 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் இதில் அமைத்துக்கொள்ளலாம்.

இவ்வுலகில் மாணவரின் பங்கு பெரிது. இன்று எவ்வகை வீடியோவையும் ஓடவிடும் வி.எல்.சி. செயலி, 1996இல் பாரிசை அடுத்த ஒரு பொறியியற் கல்லூரி மாணவர்களின் திட்டமாகத் தொடங்கி, 2001இல் பொது உரிமத்தின்கீழ் உலகிற்கு வழங்கப்பட்டது.

குறைகளையும் மறைத்தல் முறையன்று. கட்டணத் திரைப்படச் சேவைகளுள் சில, லினக்ஸில் குறைந்த தெளிவிலேயே படம் காட்டுகின்றன. பேஜ்மேக்கரில் நூல் வடிவமைப்பவர்க்கு இது பொருந்தாது. சில வை-ஃபை உறுப்புகளும் அச்சுப்பொறிகளும் முரண்டு பிடிக்கும். ஆதலின் முதலில் பென் டிரைவிலிருந்தே இயக்கி, ஒலி, கேமரா, வை-ஃபை அனைத்தையும் சோதித்தல் வேண்டும். குடும்பப் படங்களை வேறோரிடத்தில் படியெடுத்துவைத்த பின்னரே நிறுவுதல் அறிவுடைமை.

கருவி மட்டும் போதாது, கற்பிப்பாரும் வேண்டும் என்பதற்குத் தமிழகமே சான்று. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் இடம்பெற்றது. அதனைத் திறந்து பார்த்த மாணவர் எத்தனை பேர்? திறந்து காட்டிய ஆசிரியர் எத்தனை பேர்? கொடை வந்தது, கல்வி உடன் வரவில்லை.

எனவே கல்லூரிகள் ஆண்டில் ஒரு நாளேனும் இதற்கென ஒதுக்கலாம். ஜமாஅத்துகள் இடம் தரலாம். வீட்டில் தூங்கும் பழைய மடிக்கணினியைக் கொண்டு வருவோர்க்கு, கணிப்பொறித்துறை மாணவர் அதனை உயிர்ப்பித்துக் கொடுக்கலாம். ஒரு பிற்பகல் உழைப்பில் ஒரு குடும்பத்தின் செலவும் மிச்சமாகும். உள்ளத்தின் உறுத்தலும் நீங்கும். நம் இல்லத்தில் ஒலிக்கும் நல்லோசை நேர்வழியில் வந்த கருவியிலிருந்தே ஒலிக்கட்டும், இன்ஷா அல்லாஹ்!