விதைப்பும் அறுவடையும்

சிங்காநல்லூர்க் குளக்கரையில் மாலை வேளையில் நின்று நோக்குவோர்க்கு இருவகைப் பறவைகள் காட்சி தரும். ஒருவகை, நொய்யலின் நீரை நாடி வரும் நாரையும் கொக்கும். மற்றொருவகை, பீளமேட்டு விமான நிலையத்துக்கு வந்து போகும் வானூர்தி. இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானியக் கடற்படையின் வானூர்திகளைச் செப்பனிடும் பணிமனை ஒன்று நம் கோயம்புத்தூரில் ‘கருடா’ என்னும் பெயரோடு இயங்கிற்று. கிழக்கே சூலூரில் அமைந்த வான்தளத்தையும் அக்கடற்படையினர் பயன்படுத்தினர். ஆகவே, அப்போர்க்கால வானூர்திகளின் கதை நமக்கு அயலூர்க் கதையன்று.

அக்கதையைப் படிப்போருட் பலர், “போரே அறிவியலின் தாய், போர் மூளாதிருப்பின் இத்துணை முன்னேற்றம் ஏற்பட்டிராது” என்று முடிவு கட்டுகின்றனர். மாணவர் சிலரும் தம் கட்டுரைகளில் அவ்வாறே எழுதக் கண்டிருக்கின்றேன். அம்முடிவு பிழையானது, அப்பிழை நமக்குத் தீங்கும் பயப்பது. இதுவே என் கருத்து.

எதிர்த்தரப்பார் காட்டும் சான்று வலியதே. ‘மெர்லின்’ என்னும் பொறியை எடுத்துக்கொள்வோம். ஸ்பிட்ஃபயர் முதலிய போர் வானூர்திகளை இயக்கிய பொறி அது. போர் தொடங்கிய காலத்தில் அதன் ஆற்றல் ஏறத்தாழ 1,000 குதிரைத்திறன். போர் முடியுங்காலத்தில் அதே 27 லிட்டர் கொள்ளளவுடைய பொறி 2,000 குதிரைத்திறனை எட்டிற்று. பொறியின் பருமன் மாறவில்லை, ஆற்றல் இருமடங்காயிற்று. இது வியக்கத்தக்கதன்றோ?

வியப்போம், ஆனால், எவ்வாறு நிகழ்ந்தது என்றும் வினவுவோம். உயரே செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறைகின்றது. பொறி மூச்சு வாங்குகின்றது. எனவே, காற்றை அழுத்தி உட்செலுத்தும் ‘சூப்பர்சார்ஜர்’ என்னும் கருவி வேண்டப்பெற்றது. அக்கருவியின் குறைகளைக் கணக்கிட்டுக் கண்டு திருத்தியவர் ஸ்டான்லி ஹூக்கர் என்பவர். அவர் பாய்பொருளியலை ஆக்ஸ்ஃபோர்டில் அமைதியாகக் கற்றவர். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தது 1938-ஆம் ஆண்டு. அப்போது போர் தொடங்கவில்லை.

மற்றுமொரு குறையும் அப்பொறிக்கு இருந்தது. வானூர்தி திடீரென மூக்கைத் தாழ்த்திப் பாயுங்கால், கார்புரேட்டரில் எரிபொருளின் ஒழுங்கு குலைந்து, அளவுக்கு மீறிய எரிபொருள் பாய்ந்து, பொறி திணறிற்று. பகைவனின் முன்னே நொடிப்பொழுது பொறி நின்றாலும் உயிர் போகுமே! 1941-ஆம் ஆண்டில் பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியாளர், நடுவே துளையுடைய சிறு வில்லை ஒன்றை எரிபொருட் குழாயிற் பொருத்தி அம்மிகுதியைத் தடுத்தார். காசளவு பொருள், காத்த உயிர்களோ பல. அவரும் ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் 1936-ஆம் ஆண்டிலேயே பணியிற் சேர்ந்து, கார்புரேட்டர்களை ஆராய்ந்து பழகியவர்.

தாரைப் பொறியின் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். பிராங்க் விட்டில் என்னும் இளைஞர் 1930-ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1935-ஆம் ஆண்டில் அவ்வுரிமையைப் புதுப்பிக்க வேண்டிய கட்டணம் 5 பவுன். அதனைச் செலுத்த அரசின் வானூர்தி அமைச்சு முன்வரவில்லை; உரிமை காலாவதியாயிற்று. அவருடைய பொறியைத் தாங்கிய வானூர்தி 1941-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள்தான் பறந்தது. செர்மனியிலோ, ஹைன்கெல் தாரை வானூர்தி 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாளிலேயே பறந்துவிட்டது. போர் மூண்டது அதற்கு ஐந்து நாள் கழித்தே!

இவற்றால் விளங்குவது யாது? விதைத்தது அமைதிக்காலம், அறுத்தது போர்க்காலம். அறுவடை செய்தவனையே உழவன் என்று கொண்டாடி, உழுது விதைத்தவனை மறப்பது முறையாகுமோ?

நம் நாட்டு நிகழ்ச்சியும் இதற்குச் சான்று பகரும். பெங்களூரில் 1940-ஆம் ஆண்டில் இந்துஸ்தான் வானூர்தித் தொழிற்சாலை தோன்றியது. 1942-ஆம் ஆண்டில் அந்நகரின் இந்திய அறிவியற் கழகத்தில் வானூர்திப் பொறியியல் துறை அமைந்தது. போரின் நெருக்கடியே இவற்றை விரைவுபடுத்தியது என்பதை மறுக்கவில்லை. ஆயினும், அத்துறையை நடத்த வல்லவராய் அன்று விளங்கிய வி. எம். காட்கே, போருக்கு முன்னரே செர்மனி சென்று பிராண்டல் என்னும் பேரறிஞரிடம் பயின்று மீண்டவர். அப்பேரறிஞரோ, பாயும் காற்று ஒரு பொருளின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய படலமாகத் தயங்குவதை 1904-ஆம் ஆண்டிலேயே விளக்கியவர். காட்கேயின் தலைமையில் நம்மவர் வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி வானூர்தி, போர் ஓய்ந்தபின், 1951-ஆம் ஆண்டில் பறந்தது.

“போர் வந்தாலன்றி அரசு பொருள் தாராதே, மக்களும் முனையமாட்டாரே” என்பர் சிலர். அது மனிதரின் குறையேயன்றிப் போரின் பெருமையன்று. தாகம் எடுத்தபின் கிணறு வெட்டுவோனின் விரைவைக் கண்டு, தாகத்தைப் போற்றுவார் உளரோ?

கிணறு என்றவுடன் நம் ஊர் நினைவுக்கு வருகின்றது. கோவைப் பட்டறைகளில் உருவாகும் மோட்டார் பம்புகள் நாடெங்கும் செல்கின்றன. அப்பம்பினுள் சுழலும் ‘இம்பெல்லர்’, ஹூக்கர் திருத்திய கருவியில் சுழன்ற சக்கரத்தின் உடன்பிறப்பே. அது காற்றை வீசிற்று. இது நீரை வீசுகின்றது. நடுவில் நுழையும் பொருளைச் சுழற்றி வெளியே எறிந்து, அதன் வேகத்தை அழுத்தமாக மாற்றுவதே இரண்டின் தொழிலும். இதழின் வளைவு சற்றுப் பிழைபடினும் ஆற்றல் வீணாகும். அங்கு வீணானது குதிரைத்திறன். இங்கு வீணாவது மின்சாரமும் உழவனின் உழைப்பும்.

கொங்கு நாட்டில் மழை பொய்த்த ஆண்டுகளில் கிணறுகள் வற்றுவதையும், ஆழ்துளைக் கிணறுகள் மேலும் மேலும் ஆழமாவதையும் நாம் அறிவோம். அதுவும் ஒரு போரே. ஆனால், முரசறைந்து வருவதன்று. அதனை வெல்லத் துளையுடைய வில்லை போன்ற சிறு திருத்தங்கள் நூறு தேவை. அவற்றைக் காண்பதற்கு அளந்து பார்க்கும் பழக்கமும், பட்டறைத் தொழிலாளியின் கையோடு கணக்கறிந்தோனின் கருத்து கூடும் நட்பும் வேண்டும்.

மாணவர்களே! உங்கள் தோட்டத்துப் பம்பு ஒரு நிமிடத்தில் எத்தனை குடம் நீர் இறைக்கின்றது என்று எண்ணிப் பாருங்கள். அதற்கு எவ்வளவு மின்சாரம் செலவாகின்றது என்று குறித்து வையுங்கள். ஆராய்ச்சி அங்கே தொடங்குகின்றது. ஆடிப்பட்டம் தேடி விதைப்பது நம் உழவர் மரபு. பகைவன் வரட்டும் என்று காத்திருந்து விதைத்தவர் எவருமிலர்.